பாக்கெட் அக்கா மகளை வழியனுப்பியது

பாக்கெட் அக்காவுக்கு உட்கார்ந்தால் கால் நிற்காது. மெஷின் முன்னால் இருந்தால் மிதிக்கும். மெஷின் இல்லாத இடத்திலும், பஸ்ஸிலும், ஆஸ்பத்திரி பெஞ்சிலும், சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் அது தன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருக்கும். "மெஷினை எங்க விட்டுட்டு வந்தீங்க, கால் மட்டும் ஓடுதே?" என்று எதிர்க்கடை இஸ்திரிக்காரர் கேட்பார். "உங்க வாய்க்கு ஒரு தையல் போடத்தான் ஓடுது" என்பார் அக்கா.

கல்லூரி விடுதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மாடிப்படிக்கு அடியில் உள்ள முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, பாதி பிரித்த பேண்ட்டுகள் தொங்கும் ஒரு கம்பி. படிக்கட்டின் சரிவு தலைக்கு மேலே இறங்கி வருவதால் உயரமான பையன்கள் குனிந்துகொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். பின்னறையில் அக்காவும் மகளும் இருந்தார்கள். கணவர் லாரி டிரைவர். வந்தால்தான் உண்டு.

கல்யாணமான புதிதில் அக்கா ஒரு பெரிய உடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே ஒருவர் காலர் மட்டும் தைப்பார், ஒருவர் கை மட்டும். அக்காவுக்கு விழுந்தது பாக்கெட். காலையிலிருந்து மாலைவரை பாக்கெட், மறுநாளும் பாக்கெட். முழுச் சட்டை தைக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய துணிகளை வாங்கிவந்து தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து, திரும்பச் சேர்த்துக் கற்றுக்கொண்டார். தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபோது, ஒரு பழைய மெஷினோடு இந்தப் படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தார்.

பெயர் வந்தது ஒரு மாணவனால். வெளிநாட்டுக்குச் சுற்றப் போனவன், கூட்டமான ரயிலில் பின்பாக்கெட்டை யாரோ பிளேடால் கீறிவிட, கிழிந்த பேண்ட்டோடு திரும்பி வந்தான். ஒட்டுப் போடச் சொன்னான். அக்கா ஒட்டுப் போட்டார். கேட்காமலேயே இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் லைனிங் துணியில் இன்னொரு பாக்கெட்டும் வைத்துக் கொடுத்தார். வெளியே ஒரு தையல்கூடத் தெரியாது. அவன் விடுதியில் போய்ச் சொல்ல, அதன்பிறகு பயணம் கிளம்பும் பிள்ளைகள் எல்லாரும் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வரத் தொடங்கினார்கள்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. போய்த் திரும்பியவர்களிடம் "ஊர் எப்படி?" என்று கேட்க மாட்டார். "என்ன தப்பு நடந்துச்சு, அதைச் சொல்லு" என்பார். அவர்கள் சொல்லச் சொல்லப் பாக்கெட் மாறியது. ஒரு பெண், பாஸ்போர்ட்டை எடுக்க எல்லார் முன்னாலும் பேண்ட் பட்டனைக் கழற்ற வேண்டியிருந்தது என்று அழாத குறையாகச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து பாக்கெட்டின் வாய் பக்கவாட்டுக்கு வந்தது. ஒருவன், டீ வாங்க மொத்தப் பணத்தையும் கடைத்தெருவில் விரித்துக் காட்டியதாகச் சொன்னான். பாக்கெட் இரண்டாகப் பிரிந்தது: அன்றைய செலவுக்கு ஓர் அறை, தொடவே கூடாததற்கு ஓர் அறை. இன்னொருவன் வேர்வையில் பாஸ்போர்ட் ஊறிப்போனதைக் காட்டினான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் துணி வந்தது.

தைத்து முடித்ததும் இரண்டு சோதனை. முதலில், பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டிய ஓர் அட்டையை உள்ளே போட்டு, பேண்ட்டைத் தலைகீழாகப் பிடித்து மூன்று உதறு உதறுவார். அட்டை விழக்கூடாது. அடுத்து, போடுகிறவரை முக்காலியில் உட்காரவைத்து, "ஒரு கையால எடு, குனியாம எடு" என்பார். வரவில்லையென்றால் அங்கேயே பிரித்துவிடுவார். "விழாம இருந்தா மட்டும் போதாது. கேக்கறப்ப வரணும். கேக்கறப்ப வராத பொருள் தொலைஞ்ச பொருள்தான்" என்று அவர் சொல்லாத மாணவன் இல்லை.

மகள் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் ஒரு போன் கடையில் வேலை. ஒருநாள் கடையிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, டிக்கெட் போட்டுட்டேன். நானும் கண்ணாடிக்காரியும். லீவுல பத்து நாள்."

கண்ணாடிக்காரி அவளோடு ஒரே வகுப்பில் படிக்கிறவள். வாரத்தில் பாதி நாள் இந்த வீட்டில்தான் சாப்பிடுவாள். நாட்டின் பெயரைக் கேட்டதும் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கே போய்வந்த பேண்ட்டுகள் அவருக்குத் தெரியும்.

"எத்தனை மணிக்கு இறங்குது?"

"சாயங்காலம். வெளிச்சம் இருக்கும்."

"நல்லது. தெரியாத ஊர்ல வெளிச்சத்துல இறங்கணும். முதல் ராத்திரிக்கு ரூம் இங்கேயே போட்டுடு, மத்ததை அங்க பார்த்துக்கலாம். ரூம் எவ்வளவு மலிவுன்னு பார்க்காத, பஸ் ஸ்டாண்டுலருந்து எவ்வளவு தூரம்னு பாரு. மிச்சம் பிடிச்சதை எல்லாம் ஆட்டோக்காரனுக்குக் கொடுத்துட்டு வந்தவங்க நிறைய பேர். கனமான ஷூவைக் கால்ல போட்டுக்க, பையில வைக்காத. பொது ரூம்ல பீரோ கொடுப்பான், பூட்டு கொடுக்கமாட்டான், ஒரு பூட்டு எடுத்துக்க."

"அம்மா, நீ எத்தனை நாடு போயிருக்க?"

"எத்தனை பேர் இடுப்புல போயிருக்கேன் தெரியுமாடி?"

மகள் சிரித்துக்கொண்டே தன் பேண்ட்டைக் கம்பியில் மாட்டினாள். அக்கா அதை முதல் ஆளாக எடுத்து அளந்து, சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டார்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கண்ணாடிக்காரி விடுதி மாடிப்படியில் கால் பிசகி விழுந்தாள். எலும்பு விரிசல். கட்டுப் போட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "நான் மட்டும் போறேன்மா. மலிவு டிக்கெட், வேண்டாம்னா ஒண்ணும் திரும்ப வராது. அதுக்காக இல்ல. எனக்குப் போகணும்" என்றாள்.

அக்காவின் மெஷின் நிற்கவில்லை. ஆனால் அன்று மாலை கம்பியில் முன்னால் தொங்கிய மகளின் பேண்ட், மடிந்து துணிக்குவியலுக்கு அடியில் போனது.

அதற்குப் பிறகு அக்காவை ஓரிடத்தில் பார்க்க முடியவில்லை. தைத்ததைப் பிரித்தார், பிரித்ததைத் தைத்தார். பாபினில் நூல் சுற்றப் போய், சுற்றியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார், வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார். பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"கை ஓடலை கால் ஓடலைன்னு சொல்லுவாங்க. உங்களுக்குக் கால் ஓடுது, கைதான் ஓடலை" என்றார் இஸ்திரிக்காரர்.

"உங்க பெட்டியில கரி அணையுது, பாருங்க."

"பொண்ணு தனியாப் போகுதுன்னுதானே? எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான், தனியா முடி வெட்டக்கூடப் போகமாட்டான். சந்தோஷப்படுங்க."

அந்த நேரத்தில்தான் ஒரு மாணவன் பயணம் முடிந்து பேண்ட்டோடு வந்தான். அக்கா முக்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தனியாத்தானே போன? சொல்லு, என்ன தப்பு நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைக்கா. ஜாலியா இருந்துச்சு."

"ஒண்ணுமே நடக்கலையா? நல்லா யோசி."

"ஒருநாள் மழையில மாட்டிக்கிட்டேன்."

"யாரும் பின்னாடி வரலையா? பொய் சொல்லி எங்கேயாவது கூட்டிட்டுப் போகலையா?"

"இல்லக்கா. ஒரு பெரியவர் குடை கொடுத்தார்."

"குடை எதுக்குக் கொடுத்தார்?"

"மழைக்கா."

அக்காவின் முகம் வாடியது. அவன் நன்றி சொல்ல வந்தவன், ஏதோ குற்றம் செய்தவன்போல் பேண்ட்டை மடித்துக்கொண்டு போனான். இஸ்திரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் கணவர் போன் செய்தார். ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரம். பின்னால் லாரிகள் போகும் சத்தம்.

"நீங்க சொல்லுங்க, போகவேண்டாம்னு" என்றார் அக்கா.

"நான் ஏன் சொல்லணும்? நான் ராத்திரியில எந்தெந்த ஊர்லயோ வண்டியை நிறுத்திட்டுத் தூங்கறேன். என்னைப் போகவேண்டாம்னு நீ சொன்னியா?"

"நீங்க ஆம்பளை."

"அவ உன் மகள். என்னைவிட விவரம். வேண்டாம்னா நீ சொல்லு, நிப்பா. உன் பேச்சைத் தட்டமாட்டா. அதனாலதான் யோசிச்சு சொல்லு. என் வாயைக் கடன் வாங்காத."

அக்கா போனை வைத்தார். நிப்பா என்ற ஒரு சொல் அவருக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சொன்னால் நிற்பாள். நின்றுவிட்டு, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் விடுதிப் பிள்ளைகளின் பேண்ட்டுகள் கிளம்புவதை இந்த வாசலில் நின்று பார்ப்பாள். அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று இருந்தது அவருக்கு.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பகலில் மகள் துணிக்குவியலைத் தூக்கி, அடியிலிருந்து தன் பேண்ட்டை உருவினாள்.

"ஊருக்கெல்லாம் உபதேசம், எனக்கு மட்டும் பாக்கெட் இல்லையா?"

"இப்பத் தைச்சுடறேன். பாஸ்போர்ட்டைக் கொடு, அளவு பார்க்கணும்."

மகள் வெட்டுமேசையைப் பார்த்தாள். எத்தனையோ பேண்ட்டுகளுக்குள் போய்வந்து முனை மழுங்கிய அந்த அட்டை, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அட்டை இருக்கே."

"உன்னோடது புதுசு. தடிமனா இருக்கும்."

எல்லா பாஸ்போர்ட்டும் ஒரே தடிமன்தான். இருவருக்கும் தெரியும். மகள் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடிக்காரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப்போனாள்.

அக்கா அன்று தைத்தது அவர் கையில் வந்ததிலேயே நேர்த்தியான பாக்கெட். லைனிங் துணியை இரண்டாக மடித்தார். உள்ளே பிளாஸ்டிக் வைத்தார். ஓரம் முழுக்கக் கெட்டித் தையல். பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துப் பார்த்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. வாய்ப்பக்கம் வந்ததும் அங்கே நிறுத்திப் பட்டன் வைக்க வேண்டும். கால் நிற்கவில்லை. உள்ளே பாஸ்போர்ட் இருக்க, ஊசி வாயைத் தாண்டி அந்தக் கோடிவரை போனது, திரும்பி இந்தக் கோடிக்கு வந்தது, மறுபடியும் போனது. அக்கா நூலை அறுத்து, பேண்ட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மூன்று முறை அல்ல, கை வலிக்கும்வரை. விழவில்லை. இரண்டாவது சோதனைக்கு மகளைக் கூப்பிடவும் இல்லை, முக்காலியை எடுத்துப் போடவும் இல்லை. பத்திரமாக இருக்கட்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேண்ட்டை மடித்து மகளின் பைமேல் வைத்தார். காலையில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார்.

காலையில் சொல்லவில்லை. மகள் குளித்து வந்து பேண்ட்டைப் போட்டு, இடுப்பை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். பூட்டு எடுத்தாயா, பாஸ்போர்ட் நகலைத் தனியாக வைத்தாயா, போனில் ஊர் வரைபடத்தை இறக்கினாயா என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். விமான நிலையம் போகும் பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருடைய கால் மிதிக்கத் தொடங்கியது.

"யாராவது தனியாவான்னு கேட்டா, அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவான்னு சொல்லு."

"எனக்கு ஏதும்மா அண்ணன்?"

"அங்க அவனுங்களுக்குத் தெரியுமா? பெரிய நோட்டைக் கடையில நீட்டாத. பசியோட ரூம் தேடாத, முதல்ல சாப்பிடு. பசியில எடுக்கற ரூம் எல்லாம் மோசமான ரூம். மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க..."

"கனத்தைத் தைச்சதே நீதான். அம்மா, கழுத்துல என்னது?"

அளவு நாடா. காலையில் எழுந்ததும் பழக்கத்தில் போட்டுக்கொண்டது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து எல்லாரும் ஏன் பார்த்தார்கள் என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கழற்றவில்லை. அதன் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

விமான நிலைய வாசலில் வரிசை. கதவருகே நின்ற காவலர் ஒவ்வொருவரிடமும் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து உள்ளே விட்டார். வழியனுப்ப வந்தவர்கள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம். மகள் வரிசையில் நகர்ந்து முன்னால் போனாள். போனில் டிக்கெட்டைக் காட்டினாள். கை இடுப்புக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம், மறுபடியும் தேடியது. பாஸ்போர்ட் விரலுக்கு அடியில் இருக்கிறது. வாய் இல்லை.

"சீக்கிரம்மா" என்றார் காவலர்.

பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். மகள் வரிசையை விட்டு விலகி, கம்பிக்கு அப்பால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, இப்படியே நின்றால் போதும், விமானம் போய்விடும். யார் பேச்சையும் யாரும் தட்டினதாக ஆகாது.

மகள் கத்தவில்லை. கம்பியருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அம்மா, பிளேடு வெச்சிருக்கியா?"

தையல் பிரிக்க அக்கா வைத்திருப்பது பாதி பிளேடு. காகிதத்தில் சுற்றி எப்போதும் பர்ஸில் இருக்கும். மகளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள். இல்லை என்று அம்மா சொல்லலாம், அதற்கும் அவள் இடம் விட்டதுபோல் இருந்தது.

அக்கா பர்ஸைத் திறந்தார். கம்பியின் கீழே குனிந்து நுழைந்து, மகளின் முன்னால் தரையில் மண்டியிட்டார். சட்டையை ஓரமாகத் தூக்கிப் பட்டியை மடக்கினார்.

"என்னம்மா இது, வாசல்ல தையல் கடை போட்டாச்சா?" என்றார் வரிசையிலிருந்த ஒருவர்.

"ரெண்டு நிமிஷம் சார், ஆல்டரேஷன்" என்றாள் மகள்.

கெட்டித் தையலைப் பிரிப்பது எளிதல்ல. ஒவ்வொரு தையலாக நுனியால் தூக்கி அறுக்க வேண்டும், அவசரப்பட்டால் துணி கிழியும், பாஸ்போர்ட்டும் கீறிப்போகும். அக்காவுக்கு அன்றுதான் தான் எவ்வளவு நெருக்கமாகத் தைக்கிறோம் என்பது தெரிந்தது. முதல் வரிசை அறுந்தது. அதற்கு அடியில் இரண்டாவது. அதற்கும் அடியில் மூன்றாவது. காவலர் வந்து எட்டிப்பார்த்தார். பிளேடைப் பார்த்ததும், "அது உள்ள போகக்கூடாது" என்றார்.

"அது எங்கூடத்தான் வரும் சார். இவதான் உள்ள போறா" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

வாய் திறந்தது. அக்கா எழுந்து, முக்காலி இல்லாததால் மகளை அங்கிருந்த தள்ளுவண்டியின் விளிம்பில் உட்காரவைத்தார்.

"ஒரு கையால எடு. குனியாம எடு."

பாஸ்போர்ட் வந்தது. நூல் துணுக்குகள் அதன்மேல் ஒட்டியிருந்தன. மகள் ஊதிவிட்டாள்.

"வேணும்னே தைச்சியா?"

"தெரியலைடி. கை தானாப் போச்சு."

"எனக்கும் பயம்தான்" என்றாள் மகள். "நீ அட்டை இருக்கிறப்ப பாஸ்போர்ட் கேட்டப்பவே தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன். போகாம இருக்க எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு."

அக்கா தன் புடவையிலிருந்த ஊக்கை எடுத்துப் பாக்கெட்டின் வாயில் குத்தினார். காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையை அசைத்தார். மகள் உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் அவள் முதுகுப்பை தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அக்கா உட்காரவில்லை. கடையைப் பெருக்கினார். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினார். இஸ்திரிக்காரர் கேட்காமலேயே இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை வெட்டுமேசையில் வைத்துவிட்டுப் போனார். அது ஆறி ஆடை கட்டியது. வெளிச்சம் சந்தை விட்டுப் போவதற்குள் போன் அடித்தது.

"ரூமுக்கு வந்துட்டேன்மா."

"என்ன தப்பு நடந்துச்சு?"

"பஸ்ல எதிர்ப்பக்கம் ஏறிட்டேன். ரெண்டு ஸ்டாப் தாண்டித்தான் தெரிஞ்சது. இறங்கித் திரும்ப நடந்தேன். வழியில சாப்பிட்டேன். அப்புறம்தான் ரூம்."

"யாராவது கேட்டாங்களா?"

"ஒரு அம்மா கேட்டாங்க. அண்ணன் வரான்னு சொன்னேன். எந்த அண்ணன்னு விடாமக் கேட்டாங்க, பாதிவழிக்குக் கூடவே வந்தாங்க. உன்னைமாதிரியே."

"பாக்கெட்?"

"உட்கார்ந்தா ஊக்கு குத்துது. பட்டன் வெச்சிருக்கணும்."

"எந்தப் பக்கம் குத்துது?"

"வலது. பஸ்ல ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா அந்தக் கை மாட்டிக்குதும்மா. இடதுல வெச்சா நல்லது."

போனை வைத்ததும் அக்கா விளக்கைப் போட்டார். நாளை காலை கிளம்பும் ஒரு மாணவனின் பேண்ட் கம்பியில் தயாராகத் தொங்கியது. வலதுபக்கப் பாக்கெட், தைத்து முடித்தது. அதை இறக்கி, பாதி பிளேடை எடுத்துப் பிரித்தார். இடதுபக்கம் சாக்பீஸால் கோடு போட்டார். வாய்க்கு நடுவில் பட்டன் காஜாவுக்கு ஒரு சின்னக் குறி.

எதிரே கரியைத் தட்டிக் கடையைக் கட்டிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் பார்த்தார்.

"பொண்ணுதான் போய்ச் சேர்ந்துடுச்சே. இன்னும் என்னக்கா காலாட்டம்?"

"போய்ச் சேர்ந்தா போதுமா? இன்னும் பத்து நாள் இருக்கு, திரும்பி வரணும்" என்றார் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி.